அருணா சவுண்ட் சர்வீஸ்

எடப்புளி நாடு, கொல்லிமலை
20 ஜனவரி 2025

மேகலா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது தொழில் விஷயம்.

நீ சேலத்தில் அர்த்தனாரி அண்ணன் கடையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறாய் என்று ராசப்பன் சொல்லித்தான் தெரியும். எங்கள் குழுவில் இன்னும் அவன்தான் பாடுகிறான். பொங்கலுக்கு முன்னால் கீபோர்டு ஆம்ப்ளிஃபயரை ரிப்பேருக்குக் கொண்டுபோனவன் திரும்பி வந்து, "உன்ற ஊட்டுக்காரி அங்க உக்காந்து சால்ட்ரிங் வெக்கறாடா. என்னையப் பாத்துட்டுத் தெரியாத ஆளாட்டம் பில்லுப் போட்டுக் குடுத்தா" என்றான். நீ வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. உன் அப்பா வீட்டில் கேட்டால் கதவைக்கூடத் திறப்பதில்லை. பில்லில் இருந்த முகவரியைப் பார்த்து எழுதுகிறேன்.

நான் வாசிக்கும் டிரம்ஸுக்கென்று சொந்தமாக ஒரு சவுண்ட் செட் கட்டலாம் என்றிருக்கிறேன். வாடகைக்கு வருகிற மைக் செட்காரர்கள் பாடுகிறவனுக்கு ஒரு மைக், கீபோர்டுக்கு ஒரு லைன் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "உன்ற சத்தம் சும்மாவே மலைக்குக் கீழ கேக்கும், உனக்கெதுக்கு மைக்கு?" என்கிறார்கள். முன்வரிசைக்கு அப்பால் வெறும் தட்டுச் சத்தம்தான் போகிறது, பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் காலடி போவதில்லை என்று சொன்னால் எவனுக்குப் புரிகிறது? எனக்கும் ராசப்பன் பாடுவது கேட்பதில்லை. அவன் இரண்டாம் சரணத்தில் இருப்பான், நான் முதல் சரணத்தில் சவாரி போய்க்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் மிளகு பரவாயில்லை. அந்தக் காசுக்குள் முடித்தாக வேண்டும். டவுனில் ஒரு கடைக்காரன் ஏழு மைக் அடங்கிய பெட்டியைக் காட்டி, இதுதான் டிரம்ஸுக்கு என்று சத்தியம் செய்கிறான். வாங்கலாமா?

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. போன் அடித்தால் நீ ஏன் எடுப்பதில்லை என்றும் கேட்கவில்லை.

விமல்ராஜ்

*

சேலம்
4 பிப்ரவரி 2025

விமல்ராஜ் அவர்களுக்கு,

கடைக்கு வரும் தபாலை அர்த்தனாரி அண்ணன்தான் பிரிப்பார். உங்கள் கடிதத்தையும் பிரித்து இரண்டு வரி படித்துவிட்டு, "தொழில் விஷயமாமா" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாடிக்கையாளருக்குப் பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்வார். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். அதில் உள்ள ஏழும் சேர்ந்தாலும் ஒரு நல்ல மைக்குக்கு ஆகாது. காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு ஒரு மைக். தலைக்கு மேலே முழு செட்டையும் பார்த்தபடி இன்னொன்று. இரண்டு போதும். மற்றவை தாமாகவே கத்தும், உங்கள் கையின் கனம் எனக்குத் தெரியும். மிச்சமாகும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். பெரிய ஸ்பீக்கர் இரண்டு இல்லாமல் காலடி வெளியே போகாது. பாக்ஸை உள்ளூர் ஆசாரியிடம் செய்துகொள்ளலாம்.

மிக்ஸர் புதிதாக வேண்டாம். இங்கே ஒரு கச்சேரிக் குழு கலைந்து சாமான்களை விற்கிறார்கள். நான் சோதித்துப் பார்த்து, மலைக்கு வரும் சோளக்காடு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். ராசப்பன் பாடுவதை மட்டும் ஒரு ஹெட்போனில் எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டால் சரணம் தவறாது.

போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் அழைத்தபோது எடுக்காதவரின் அழைப்பை நான் எடுப்பதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எழுத்துக்கு யார் காதும் தேவையில்லை.

மேகலா

*

எடப்புளி நாடு
26 பிப்ரவரி 2025

மேகலா,

மிக்ஸர் பத்திரமாக வந்தது. கீழே வைத்தால் வளைவுக்கு வளைவு உருளும் என்று கண்டக்டர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். நீ பெட்டிக்குள் வைக்கோல் திணித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாக்ஸ் விஷயத்தில் ஒரு சிக்கல். தவிலுக்குப் பலா, மிருதங்கத்துக்குப் பலா. அப்படியிருக்க ஸ்பீக்கருக்கு மட்டும் எதற்குப் பிளைவுட் என்று யோசித்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த பலாவை வெட்டி, ஆசாரி சென்றாயனிடம் கொடுத்து ஒரு பாக்ஸ் செய்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் ஒரு அடி அடித்தால் அது பாட்டுக்கு ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த அடி எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. சென்றாயன், "நல்லாத்தானுங்க பாடுது" என்கிறான். என்ன செய்யலாம்?

மாசி பிறந்துவிட்டது. மாசியில் நான் இப்போதும் நிகழ்ச்சிக்குப் போவதில்லை.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். பூபதி அண்ணன் ஊர்க் கவுண்டரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். "ஒண்ணு போயிக் கூட்டிட்டு வா, இல்லீன்னா கூட்டத்துல வெச்சுத் தீத்து உட்ரு. எத்தன நாளைக்கு இப்பிடிக் கெடப்ப?" என்று கேட்கிறார். ஆடி முடிந்ததும் கூட்டம் போடுவார்கள். இரண்டு பேரும் வந்து நின்று வேண்டாம் என்று சொன்னால் கல்யாணம் முடிந்தது. அதற்குள் நீ வந்துவிட மாட்டாயா என்று நான் நினைப்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

கடைசியாக ஒரு தொழில் கேள்வி. வாசித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் கண்ணுக்கு எதிரே ஒரு பல்பு எரிய வேண்டும். பெரிய பல்பாக. அதற்கு என்ன ஒயரிங் செய்ய வேண்டும்?

விமல்ராஜ்

*

சேலம்
30 மார்ச் 2025

விமல்ராஜ் அவர்களுக்கு,

நல்ல பலா மரத்தை வெட்டிய கையை என்ன சொல்வது! தவில் பாட வேண்டும், அதனால் அதற்குப் பலா. ஸ்பீக்கர் பாக்ஸ் பாடவே கூடாது. ஸ்பீக்கர் சொல்வதை வெளியே விட்டுவிட்டு அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கனமான பிளைவுட்டில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்துப் பஞ்சு ஒட்டச் சொல்லுங்கள். டிரம்ஸ்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான் என்று அர்த்தனாரி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரைதான் அப்போது படித்திருந்தேன்.

பல்பு விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுதி எழுதிக் கிழித்ததில்தான் இவ்வளவு நாளாகிவிட்டது.

பல்பும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். போனில் செட்டிங்ஸுக்குள் போனால், அழைப்பு வரும்போது பின்பக்க லைட் மின்னுவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போனை எதிரே ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளுங்கள். காசே ஆகாது. அன்றைக்கு நீங்கள் வைத்திருந்த பழைய போனிலும் அந்தப் பட்டன் இருந்தது.

அந்த மாசியில் அன்றைக்கு நீங்கள் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது, ஆனால் மத்தியானமே வலி வந்துவிட்டது. வீட்டில் சிக்னல் கிடையாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி ஏறி உங்களை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் எடுத்திருந்தால் ஒரு ஜீப்பையாவது பிடித்து அனுப்பியிருப்பீர்கள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கும்போது அவள் பிறந்தாள். நன்றாக அழுதாள். கீழே போய் ரோடு நேராவதற்குள் அழுகை நின்றுவிட்டது.

அந்த அழுகையை நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. உங்கள் அண்ணன் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

மேகலா

*

எடப்புளி நாடு
14 ஏப்ரல் 2025

மேகலா,

நீ சொன்ன பட்டனைத் தட்டிவிட்டு ராசப்பனைப் போன் போடச் சொன்னேன். லைட் மின்னியது. "பளிச்சுன்னு தெரியுதுடா" என்று அவன் சந்தோஷப்பட்டான். நான் எழுந்து காட்டுக்குள் போய்விட்டேன். இவ்வளவு சின்ன பட்டனா மேகலா?

அழுகையை நான் கேட்கவில்லை என்கிறாய். உண்மைதான். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. நீ வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் அப்படியே மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். இப்போது சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ மயக்கத்தில் இருந்தாய். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கார் பிடிக்கக் காசு இல்லை. பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, காற்றுப் படாமல் தலையில் துணியை இழுத்துவிட்டேன். எதற்கு இழுத்துவிட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன வளவுலயும் கொழந்த முழிக்காம நல்லாத் தூங்குது பாருங்க" என்றார். "ஆமாங்க" என்றேன்.

மேல்காட்டில் சில்வர் ஓக் வரிசை முடிகிற இடத்தில் வைத்தேன். அண்ணன் குழி வெட்ட வந்தார், வேண்டாம் என்று நானே வெட்டினேன். அந்த மரத்தில் ஏறியிருக்கும் மிளகை நான் பறிப்பதில்லை. குருவிகள் தின்றுவிட்டுப் போகட்டும்.

தொழிலுக்கு வருகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பிளைவுட் பாக்ஸ் இரண்டும் வந்துவிட்டன. தனித்தனியாகப் போட்டால் நெஞ்சில் இடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் காலடிச் சத்தம் எங்கேயோ ஓடிவிடுகிறது. சென்றாயன் மந்திரிக்க வேண்டும் என்கிறான்.

விமல்ராஜ்

*

சேலம்
11 மே 2025

நீங்கள் அவளைப் பஸ்ஸில் கொண்டுபோனது எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கடிதத்தைப் படித்த அன்று வேலை ஓடவில்லை. ஒருவருடைய ரேடியோவை மாற்றிப் பூட்டி அனுப்பிவிட்டேன், அவர் வந்து சத்தம் போட்டார். தலையில் துணியை இழுத்துவிட்டதற்கு உங்களுக்குக் காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெண்ணாக இருந்தால் அருணா என்று நாம் முடிவு செய்திருந்தோமே, அந்தப் பெயரை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெண் குழந்தை என்று மட்டும்தான் இருக்கிறது. என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வாய்க்குள் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பேன். அவ்வளவுதான். அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

மந்திரிக்க வேண்டாம். ஒரு பாக்ஸில் மட்டும் பின்னால் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுங்கள். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது, அதனால்தான் சத்தம் அழிகிறது. இதில் நம்மைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று உட்கார்ந்து யோசிக்காதீர்கள். இது வெறும் ஒயர். எர்த் கம்பியை ஈர மண்ணில் ஆழமாக அடியுங்கள். மழை நேரத்தில் மைக்கில் ஷாக் அடித்தால் ராசப்பன் பாடுவதை நிறுத்திவிடுவான். அது ஒரு வகையில் ஊருக்கு நல்லதுதான்.

ஆடிப் பதினெட்டுக்குச் சோளக்காட்டில் உங்கள் நிகழ்ச்சி இருக்கும் அல்லவா? வருகிறேன். கேட்பதற்கு மட்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்காதீர்கள். உங்கள் அண்ணனை நிறுத்தாதீர்கள். நானே வருவேன். முடிந்ததும் மேல்காட்டில் அந்த இடத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நான் கீழே இறங்குவதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். இப்போது என்னைக் கேட்காதீர்கள்.

மேகலா

*

எடப்புளி நாடு
20 ஜூலை 2025

மேகலா,

ஒயரை மாற்றினேன். அம்மாடி! சோளக்காட்டில் மேடையிலிருந்து பஸ் ஸ்டாப் அன்னாசிக் கடை வரைக்கும் தகரக் கூரை எல்லாம் தடதடத்தது. பொன்னம்மாள் அக்கா கடையை விட்டு ஓடி வந்து, "ஏஞ்சாமி, மலை சரியுதோன்னு நெனச்சேன்" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். ஹெட்போனில் ராசப்பன் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அவன் இவ்வளவு சுருதி விலகிப் பாடுகிறான் என்று இத்தனை வருடம் தெரியாமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

வீட்டைப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்தேன். உனக்காக என்று நினைக்காதே, பண்டிகை வருகிறது அல்லவா? சரி, உனக்காகத்தான்.

நீ கேட்டுக்கொண்டபடி நான் பஸ் ஸ்டாப்புக்கு வரமாட்டேன். அண்ணனையும் வராதே என்று சொல்லிவிட்டேன். மேடையில் இருப்பேன். கூட்டத்தில் நீ எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள். போனை எதிரே மாட்டியிருப்பேன், லைட் போட்டுத்தான் இருக்கும்.

செட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினாலே உன் கண்ணில் படும். உன் போன கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அது தோன்றியது. உனக்கு நிச்சயம் பிடிக்கும்.

விமல்

*

எடப்புளி நாடு
7 ஆகஸ்ட் 2025

மேகலா,

நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். போனைப் பார்த்துப் பார்த்து இரண்டு பாட்டில் தாளம் விட்டேன். முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் கிடைக்கவில்லையோ, உடம்புக்கு முடியவில்லையோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று பொன்னம்மாள் அக்கா சொல்கிறார்: "உன்ற ஊட்டுக்காரி வந்தாளே கண்ணு. பச்சப் பொடவ கட்டிட்டு, பூ வெச்சிட்டு எறங்குனா. நாங்கூட ஒரு அன்னாசி வெட்டிக் குடுக்கலாம்னு எந்திரிச்சேன். அங்கயே நின்னு பாத்தா. என்ன நெனச்சாளோ, அதே பஸ்ஸு திரும்புறப்ப ஏறி உக்காந்துக்கிட்டா."

வந்தாய். பூ வைத்துக்கொண்டு வந்தாய். மேடை அங்கிருந்து கூப்பிடு தூரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு அடிகூடக் கேட்காமல் போவதற்கு நான் உனக்கு என்ன செய்தேன்? நீ சொன்னதை எல்லாம் செய்தேனே! பஸ் ஸ்டாப்புக்கு வராதே என்றாய், வரவில்லை. ஆறு மாதமாக உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக முறுக்கினேன். உனக்கு மனசே இல்லையா?

கோபத்தில் எழுதுகிறேன். இருக்கட்டும். காரணத்தை மட்டும் சொல்.

விமல்ராஜ்

*

சேலம்
16 ஆகஸ்ட் 2025

சொல்கிறேன்.

பஸ் கடைசி வளைவு ஏறும்போதே ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. நல்ல சத்தம். காலடி தனியாக, சுத்தமாகக் கேட்டது. நாம் செய்தது என்று எனக்குள் ஒரு பெருமை வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பூ வைத்திருந்தேன். சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன்.

எதிரே இரண்டு பாக்ஸ் மேலும் சிவப்பு எழுத்தில், சுற்றிலும் சீரியல் பல்பு போட்டு, அருணா சவுண்ட் சர்வீஸ் என்று எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ராசப்பன் மைக்கைத் தட்டினான். "அருணா, அருணா, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. அருணா கேக்குதா? பின்னால நிக்கிறவங்களுக்கு அருணா கேக்குதா?" என்றான். கூட்டத்தில் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள், "கேக்குது, கேக்குது, அருணாவ இன்னும் ஏத்துங்க!" என்று விசில் அடித்தார்கள். ஒருவன் பாக்ஸ் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு காலால் அந்தப் பெயரை உதைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

உங்களுக்குப் புரிகிறதா? என் அம்மாவிடம்கூடச் சொல்லாத பெயர். என் வாயைவிட்டு வெளியே வந்தால் தேய்ந்துபோகும் என்று பயந்து வைத்திருந்த பெயர். உங்களை நம்பி ஒரே ஒரு தடவை எழுதினேன். அதை எடுத்து மலை முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். அதுவும் நான் சோதித்து அனுப்பிய மிக்ஸரில், நான் சொல்லிக்கொடுத்த ஒயரிங்கில்.

பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கும் நீங்கள் வேண்டுமென்று போனை எடுக்காமல் இருக்கவில்லை. உங்கள்மேல் பாசம் இல்லாமல் நான் போகவில்லை. பாசத்தை வைத்துக்கொண்டு உங்களோடு இருக்க என்னால் முடியவில்லை.

கூட்டம் வைக்கச் சொல்லுங்கள். நான் வந்து சொல்லிவிடுகிறேன்.

மேகலா

*

எடப்புளி நாடு
2 செப்டம்பர் 2025

மேகலா,

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஊர்க் கவுண்டர் சொல்லி அனுப்பினார். வருகிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதற்குத் தலையாட்டுகிறேன். அண்ணன் ஏதாவது பேச ஆரம்பித்தால் நான் நிறுத்திவிடுவேன், நீ பயப்படாதே.

பெயரை ஏன் எழுதினேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உன்னைச் சமாதானப்படுத்த அல்ல. மைக் செட் வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் பாக்ஸில் தன் பிள்ளை பெயரைத்தான் எழுதுகிறான். உன் அப்பாவும் மேகலா ரேடியோஸ் என்றுதானே வைத்திருந்தார்? பெயிண்டர் வந்து, "என்ன பேருங்க எழுதறது?" என்று கேட்டபோது எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவள் பெயர் ரேஷன் கார்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. எங்கேயாவது ஓரிடத்தில் அவள் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. நானும் அப்பன்தானே மேகலா.

நீ அதை உள்ளே வைத்துக் காப்பாற்றினாய். எனக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் போடுவதுதான்.

போன வாரம் காரவள்ளியில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தோம். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பாக்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அருணாங்கறது உங்க பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

"என்னங்க படிக்குது?"

சாமான் கட்டிய கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். பிறகு, "ஒண்ணாவதுங்க" என்றேன்.

"நல்லாப் படிக்க வெய்யி சாமி. இந்தக் கொட்டெல்லாம் உன்னோட போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் ராசப்பன் என்னைப் பார்த்தபடியே வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

சென்றாயனிடம் கறுப்புப் பெயிண்ட் இருக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் போதும், பெயரை அழித்துவிடுகிறேன்.

விமல்

*

சேலம்
16 செப்டம்பர் 2025

கூட்டத்தில் நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஊர்க் கவுண்டர், "உனக்கும் சம்மதந்தானா சாமி?" என்று கேட்டபோது தலையாட்டினீர்கள். மேடையில் அடுத்த பாட்டை ஆரம்பிக்கலாமா என்று கேட்டால் ஆட்டுவீர்களே, அதே மாதிரி. அப்போது நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். உங்கள் அண்ணன் என் பக்கம் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. மேல்காட்டுக்கு ஏறினேன். உங்களிடம் கேட்காமலே இடம் தெரிந்தது. மற்ற மரங்களில் கொடியை நீங்கள் கட்டிவிட்டிருக்கிறீர்கள், அந்த ஒரு மரத்தில் மட்டும் அது இஷ்டத்துக்கு ஏறியிருக்கிறது. காய் இன்னும் பச்சையாக இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் தடவையாக. ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.

நான் திரும்பி வரமாட்டேன். இனி அதைப் பற்றி எழுதவும் வேண்டாம். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டிலேயே நிற்கிறேன். அங்கிருந்து இறங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. செட்டில் ஏதாவது பழுது வந்தால் கடைக்கு அனுப்புங்கள். பார்த்துத் தருகிறேன்.

பெயரை அழிக்க வேண்டாம். பாக்ஸ் மேல் யாரையும் உட்கார விடாதீர்கள். ராசப்பனை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி யாராவது கேட்டால் ஒண்ணாவது என்று சொல்லாதீர்கள். ஜூன் மாதமே அவள் இரண்டாவதுக்குப் போய்விட்டாள்.

மேகலா